பெட்டகத்தை விற்காதே

கர்க்லாண்ட், மொன்றியல்

அன்புள்ள தங்கச்சி,

கொக்குவில் வீட்டுக்கு மாபிள் பதித்து முடிந்தது என்றும், பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்து அம்மம்மாவின் பெட்டகத்துக்கு விலை கேட்டுப் போனார் என்றும் எழுதியிருந்தாய். புது ஹோலுக்கு அது எடுபடாது என்பது உன் கவலை. அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றால், இந்த மடலை வாசித்து முடிக்கும்வரை பொறு.

எங்கள் வீட்டுப் படங்களைப் பார்த்து "வடிவாக வைத்திருக்கிறாய் அக்கா" என்றாயே, அதில் தெரிகிற கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் அனேகமாக மற்றவர்கள் பாவித்து விட்டவை. கர்க்லாண்ட் 1961இல்தான் நகரமானது. அதற்கு முன் இங்கே தோட்டங்களும் வயல்களும்தான். பிறகு வந்த பத்து, இருபது ஆண்டுகளில் இளம் தம்பதிகள் வீடு வாங்கி, ஆயுளுக்கும் இருக்கட்டும் என்று நல்ல மரத்தளபாடம் போட்டார்கள். இன்று அவர்கள் முதியவர்களாகிச் சின்ன அறைகளுக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு ரொறன்ரோவில் சிறிய மாடிவீடு, இந்தப் பாரமான சாமான் வேண்டாம். பனி கரைந்ததும் சனிக்கிழமைகளில் சென் சார்ள்ஸ் பெருந்தெருவின் இரு பக்கத்து ஒழுங்கைகளிலும் கராஜ் கதவுகள் திறக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த புது இறாக்கையின் விலையைவிடக் குறைவாக, முழு மேப்பிள் மரத்தில் செய்த அலுமாரி கிடைக்கும்.

என் படுக்கையறையில் இருக்கும் லாச்சி அலுமாரி அப்படி வந்ததுதான். மேல் லாச்சியை இழுத்தால் உட்பக்கம் 'விலாஸ்' என்று சூட்டு முத்திரை தெரியும். மொன்றியலுக்குத் தென்கிழக்கே உள்ள கவன்ஸ்வில் ஊரில் இருந்த தொழிற்சாலை அது. கெட்டி மேப்பிளுக்குப் பேர்போனது. லாச்சியின் மூலையில் இரண்டு பலகைகளும் புறாவின் வால்போல விரிந்த பற்களால் கோத்துக் கிடக்கின்றன. ஆணி இல்லை. யாரோ ஆண்டுக்கணக்காகத் தேநீர்க் கோப்பை வைத்ததில் மேற்பலகை முழுவதும் வெள்ளை வளையங்கள். பழைய வார்னிஷைச் சுரண்டி, 120ஆம் இலக்க உப்புத்தாளால் நார் ஓடும் பக்கமாகவே தேய்த்து, பிறகு 220ஆல் மிருதுவாக்கி, ஆளிவிதை எண்ணெய் பூசினேன். எண்ணெய் பட்டதும் மரம் தேன் நிறத்தில் விழித்தது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும். காணாமற்போன கைபிடிகளுக்குப் பதிலாக, நீ அத்தானிடம் கொடுத்துவிட்ட பித்தளைப் பிடிகளைப் போட்டேன். கவன்ஸ்வில் அலுமாரி அன்றோடு எங்கள் வீட்டு அலுமாரி ஆகிவிட்டது.

ஆடுகதிரையின் கதை இன்னும் நல்லது. கியூபெக்கின் பண்ணை வீடுகளில் ஆடுகதிரை இல்லாத அடுப்படி அரிது. எனக்குக் கிடைத்ததில் சட்டம் உறுதி, பின்னல் இருக்கை மட்டும் கிழிந்து தொங்கியது. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார அம்மா தன் தாயார் நெய்த கட்டில் விரிப்பைக் காட்டினார். 'கத்தலோன்' என்பார்கள். பாவு பருத்தி நூல். ஊடை முழுக்கப் பழைய சட்டைகளையும் படுக்கை விரிப்புகளையும் கிழித்த நாடாக்கள். நாங்கள் பழஞ்சேலையில் ஏணை கட்டிப் பிள்ளை வளர்த்தவர்கள், எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்மா இங்கே வந்திருந்தபோது விட்டுப்போன பச்சைக்கரைக் கைத்தறிச் சேலையை எடுத்தேன். கத்தரி வைக்க மனம் கூசியதுதான். ஆனாலும் மடிப்பிலே இற்றுப்போக விடுவதைவிட அதன்மேல் நாங்கள் இருந்து எழும்புவதை அம்மா விரும்பியிருப்பா. நாடாவாகக் கிழித்து முறுக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினேன். கரை வந்த இடமெல்லாம் பச்சைக் கட்டங்கள் விழுந்திருக்கின்றன.

ஊரிலிருந்து தேக்குத் தளபாடம் கப்பலில் எடுப்பிக்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். டொலார்-டி-ஓர்மோ முருகன் கோயிலில் பழக்கமான ஒருவர் காரைக்குடியிலிருந்து ஊஞ்சல் பலகை வரவழைத்தார். முதல் மாரியிலேயே நடுவால் வெடித்துவிட்டது. வெளியே கடுங்குளிர், உள்ளே இரவு பகலாக வெப்பமூட்டி, காற்றில் ஈரமே இல்லை. ஈரக் காற்றில் இருந்து பழகிய மரம் சுருங்கத்தான் செய்யும். இந்த ஊர்ப் பழைய தச்சர்கள் அலுமாரிக் கதவின் நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல், சட்டத்தின் காடிக்குள் சும்மா செருகி விட்டிருப்பார்கள். கோடையில் ஊதவும் மாரியில் சுருங்கவும் அதற்கு இடம் இருக்கும். எங்கள் பழைய வாசற்கதவுகளும் அப்படித்தானே. இரண்டு ஊர்க் கைகளுக்கும் ஒரே அறிவு இருந்திருக்கிறது.

பழையது என்பதற்காக இங்கே எல்லாவற்றையும் தூக்கி வரலாம் என்று எண்ணாதே. ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் ஏராளமானோர் வீடு மாறுகிற நாள்; தெருவோரமெல்லாம் சோபாவும் மெத்தையும் கிடக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பஞ்சு வைத்த எதையும் நான் தொடுவதில்லை. 1986 செப்டெம்பருக்கு முன் செய்த குழந்தைத் தொட்டில்களை விற்கவே கூடாது என்பது இங்கே சட்டம். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், அதை உலர்ந்தபடி தேய்த்துத் தூசு கிளப்பக் கூடாது. நல்ல நோக்கத்தோடு கடைக்குப் போக விரும்பினால் 'ரெனேசான்ஸ்' இருக்கிறது. 1994இல் மொன்றியலில் தொடங்கிய இலாப நோக்கற்ற அமைப்பு. பழைய பொருள் விற்ற பணத்தில், வேலை கிடைக்காதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது.

இனி உன் விஷயம். முதலில் இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1948இல் மொன்றியலின் லசாலில் 'ஆர்பரைட்' என்ற மினுங்கும் தகடு தயாரிக்கத் தொடங்கினார்கள். துடைத்தால் போதும், கறை பிடிக்காது. கியூபெக் பண்ணை வீடுகளில் அது புதுமையாகப் போயிற்று. தாத்தா காலத்துப் பைன் மேசையையும், வைரம்போலச் செதுக்கிய கதவு வைத்த அலுமாரியையும் வண்டியில் வந்த வியாபாரிகளிடம் அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓவியரான ஜான் பலார்டி ஊர் ஊராக அலைந்து மிஞ்சியவற்றைப் பதிந்து 1963இல் பெரிய நூலாக வெளியிட்ட பிறகுதான், எதைக் கைவிட்டோம் என்பது பலருக்கு விளங்கியது. இப்போது அப்படி ஓர் அலுமாரியைப் பார்க்க, விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். உன் மாபிள் ஹோலில் நின்று நீ நினைப்பதைத்தான் அந்தப் பண்ணை வீட்டுக்காரர்களும் அன்று நினைத்தார்கள்.

போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நீயும் அம்மாவும் ஒரு சூட்கேசோடு தென்மராட்சிக்கு நடந்தீர்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது யன்னல் கதவுகூட மிஞ்சவில்லை, கூரைத் தீராந்தியையும் கழற்றியிருந்தார்கள். பெட்டகம் மட்டும் நின்றது என்று அம்மா எழுதினா. முதிரைப் பலகை, தூக்க முடியாத பாரம். அந்த வீட்டில் எங்களுக்கு முந்திய காலத்துப் பொருள் வேறு என்ன இருக்கிறது, சொல்லு.

விலை கேட்டவரிடம் இல்லை என்று சொல்லிவிடு. ஆசாரியாரைக் கூப்பிட்டு அடிப்பலகையில் கறையான் அரித்த இடம் இருந்தால் மாற்று. ரீவி ஸ்டாண்ட் ஆக்கலாம், கால்களை அறுக்கலாம் என்று அவர் சொன்னால் கேட்காதே. பெயின்ற் அடிக்கவும் விடாதே. பித்தளைப் பூட்டுத் தகட்டைப் பழப்புளி போட்டுத் தேய். மாபிளில் கீறல் விழாமல் கால்களின் சக்கரங்களுக்குக் கீழே தடித்த துணி வை. மேலே கண்ணாடி வேண்டாம், பிள்ளைகள் ஏறி இருக்கட்டும்.

ஹோலின் அளவையும் பெட்டகத்தின் நீள அகலத்தையும் அனுப்பு. எந்த யன்னலுக்குக் கீழே வைக்கலாம் என்று கீறி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா