கைமாறிக் கைமாறி வாழும் மலர்



எங்கள் திருத்தணியில் ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் ஊரெங்கும் பூக்காவடிகள்தாம். சாமந்தியும் மல்லிகையும் கூடை கூடையாக வந்திறங்கும். மறுநாள் வாடிக் கிடக்கும். பூவுக்கு ஒருநாள் வாழ்வே என்று பழகிப்போன கண்களுக்குச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஆர்க்கிட் மலர்கள் வியப்பளிக்கின்றன. வாரக்கணக்கில் வாடாத மலர்கள் அங்கே உண்டு. அதனினும் பெரிய வியப்பு, 1893இல் ஏட்டில் ஏறிய ஒரு செடியின் வழி இன்றும் அறுபடாமல் இருப்பது.

நம்மில் பலருக்குச் சிங்கப்பூரில் உறவினர் உண்டு. போகிறவர்கள் சூலியா பள்ளியில் ஜும்ஆ தொழுவார்கள், முஸ்தபா கடையில் சாமான் வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். அடுத்த முறை அரைநாளை இப்பூங்காவுக்கு ஒதுக்குங்கள். 1859இல் தோன்றிய இதனை யுனெஸ்கோ 2015இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. நுழையக் கட்டணமில்லை, உள்ளேயிருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்திற்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். 1995இல் திறக்கப்பட்ட அந்த மூன்று ஹெக்டேரில் 1000க்கும் மேற்பட்ட இனங்களும் 2000 கலப்பினங்களும் உள்ளன.

நான் சொன்ன செடியின் பெயர் வாண்டா மிஸ் ஜோவாக்கிம். ஆக்னஸ் ஜோவாக்கிம் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி. இரண்டு வாண்டா இனங்களைக் கலந்து தாம் வளர்த்த செடியைப் பூங்காவின் தலைவர் ரிட்லியிடம் காட்டினார். கலப்பைச் செய்தவர் இவரே என்று ரிட்லி 1893இல் இலண்டன் இதழொன்றில் எழுதினார். பின்னாளில் சிலர், அது வண்டு செய்த வேலை, அம்மையார் தோட்டத்தில் கண்டெடுத்தார், அவ்வளவே என்றனர். பெண் என்பதால்தான் இந்த ஐயமோ என்று எனக்குத் தோன்றுகிறது. 1981இல் மலர் தேசிய மலராயிற்று. வளர்த்தவர் அவரே என்பதை அந்நாடு முறையாக ஏற்றதோ 2016இல்தான்.

கலப்பினமாதலால் விதையிட்டால் அதே செடி வராது. தண்டை வெட்டித்தான் நட வேண்டும். அந்த முதற்செடியின் வழிவந்தவை யாவும் ஒருவர் வெட்டி மற்றொருவர் கையில் கொடுத்த துண்டுகளே. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எங்களுக்கு இது புதிதன்று. இன்னார் இன்னாரிடம் ஓதினார் என்னும் ஸனது இப்படித்தான் தொடர்கிறது. இடையில் ஒரு கை விட்டால் போயிற்று.

விதையின் கதை வேறு. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. நெல்லுக்குள் அரிசி இருப்பதைப் போல அதற்குள் உணவு கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சை ஊட்டினாலன்றி முளைக்காது. 1922இல் அமெரிக்க அறிஞர் நுட்சன், சர்க்கரை கலந்த கூழில் கண்ணாடிக் குடுவைக்குள் அதை முளைக்க வைத்தார். ஹோல்டம் என்பவர் 1928இல் அம்முறையைச் சிங்கப்பூருக்குக் கொணர்ந்தார். குடுவையில் முளைத்தது பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். 1942இல் ஜப்பானியர் நகரைப் பிடித்தபோது ஆங்கிலேயர் பலர் சிறைக்குப் போயினர். ஹோல்டமோ பூங்காவிலேயே பணியாற்ற அனுமதிக்கப்பட்டார். போர் நடக்கிறது என்று செடி காத்திருக்குமா? நீர் ஊற்ற ஆளிருந்தால்தான் உயிர்.

யூனானி மருந்துக்கடையில் நாம் கேட்டு வாங்கும் சாலாமிசிரியும் ஆர்க்கிட் கிழங்குதான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கிழங்கைத் தோண்டினால் செடி இல்லை. துருக்கியில் அதைத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் அருகிப்போயிற்று.

சிங்கப்பூரிலும் காடு அழிந்தபோது மண்ணுக்குரிய ஆர்க்கிடுகளில் பெரும்பாலானவை மறைந்தன. இவற்றுள் எஞ்சியவற்றைப் பூங்காவினர் 1990களிலிருந்து குடுவையில் வளர்த்து, மரங்களில் கட்டி வைத்து வருகின்றனர். மரத்தில் தொற்றினாலும் இவை புல்லுருவி அல்ல. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைக்கவட்டில் கரும்புத்தோகைபோல் அடர்ந்திருந்தால் அது உலகிலேயே பெரிய ஆர்க்கிடாகிய புலி ஆர்க்கிட். ஆண்டுதோறும் பூப்பதில்லை. உங்களுக்கு நற்பேறு இருந்தால், மஞ்சளில் பழுப்புப் புள்ளிகளுடன் ஆள் உயரத்திற்கு நீண்ட பூங்கொத்தைக் காண்பீர்கள்.