வாலாட்டாத நாள்

கார் வாசலில் நின்றதும் இரும்புக் கதவருகே ஓடி வரும் நாய், ஒருநாள் படுத்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது. "வெயில் அதிகம், களைத்துப் போயிருக்கும்" என்று வீட்டார் சொல்லிக்கொள்கிறார்கள். மலேசிய வெயிலில் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால், மாலை குளிர்ந்த பிறகும், அதற்குப் பிடித்த கோழி இறைச்சியை வைத்த பிறகும் அது எழவில்லை என்றால், வெயிலின்மீது பழிபோட முடியாது.

நாயை வாயில்லாச் சீவன் என்பார்கள். வலி வந்தால் அது குரைத்துச் சொல்லும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பல நாய்கள் நோயை மறைத்துக்கொண்டு வழக்கம்போல் நடமாடும். அதனால், நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் என்ன வேறுபாடு என்பதையே கவனிக்க வேண்டும். பாதி உணவை மிச்சம் வைப்பது, அடிக்கடி தண்ணீர் குடிப்பது, படியேறத் தயங்குவது, ஒரே காலை ஓயாமல் நக்குவது ஆகியவை சிறியவைதாம். ஆனால், அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல.

மூக்கு ஈரமாக இருந்தால் நோயில்லை என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. அது சரியன்று. தூங்கி எழுந்த நாயின் மூக்கு உலர்ந்திருக்கலாம். காய்ச்சல் கண்ட நாயின் மூக்கு ஈரமாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்தும் காய்ச்சலைக் கணிக்க முடியாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை, நம்முடையதைவிடக் கூடுதல்.

மூக்கைவிட ஈறு நம்பகமானது. உதட்டை மெல்ல உயர்த்தி ஈறை விரலால் அழுத்தினால், அந்த இடம் வெளுக்கும். விரலை எடுத்ததும் 2 வினாடிக்குள் இளஞ்சிவப்பு நிறம் திரும்ப வேண்டும். சில நாய்களுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும். அவற்றின் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். நலமாக இருக்கும் நாளிலேயே இதைப் பார்த்துப் பழகியவருக்குத்தான் வெளிறிய ஈறு உடனே கண்ணில் படும்.

வெப்பமான நாடுகளில் ஈறு வெளிறுவதற்கு உண்ணிக் காய்ச்சல் ஒரு முக்கியக் காரணம். பழுப்பு நிற உண்ணி காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் கழுத்துப் பட்டையின் அடியிலும் ஒளிந்துகொள்ளும். அது கடிக்கும்போது எர்லிச்சியா, பபீசியா போன்ற கிருமிகள் இரத்தத்தில் கலக்கலாம். எர்லிச்சியா தொற்றினால், பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களில் காய்ச்சலும் சோர்வும் தோன்றும். சில நாய்களுக்கு வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும், மூக்கிலிருந்து இரத்தமும் வடியலாம். இந்நோயின் தந்திரம் வேறொன்று: மருந்தே இல்லாமல் நாய் சில வாரங்களில் தேறியதுபோல் தோன்றும். கிருமி உடலிலேயே தங்கி, பல மாதங்களுக்குப் பிறகு இன்னும் கடுமையாக வெளிப்படக்கூடும். இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது பேராபத்து. அது நாயின் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் விடியும்வரை காத்திருக்கவும் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அங்கே கால்நடை மருத்துவர் முதலில் கேள்விகள்தாம் கேட்பார். கடைசியாக எப்போது சாப்பிட்டது? எத்தனை முறை வாந்தி எடுத்தது? சிறுநீரின் நிறம் என்ன? உண்ணி ஏதும் இருந்ததா? பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது, தினமும் உணவுத் தட்டை எடுத்துவைக்கும் பிள்ளையே பெரும்பாலும் விடை சொல்கிறது.