கேட்கிறதா என்று கேட்பவர்கள்

சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது 2020 ஆகஸ்ட் 10 அன்று. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் வருவதற்கு முன், தீவுகளின் இணையம் செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையை நம்பியிருந்தது. உரையாடற் குழுக்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வேகமான இணையத்தையும் கைப்பேசியையும் முன்வைத்தே தொடங்குகின்றன. எனினும் வடமும் செயற்கைக்கோளும் இன்றி, வளிமண்டலத்தின் மின்னூட்ட அடுக்கில் பட்டுத் திரும்பும் சிற்றலைகளையே பாதையாகக் கொண்ட அரட்டைச் சமூகம் ஒன்று நெடுங்காலமாக உண்டு. ஹாம் வானொலியாளர் சமூகம் அது.

நடுவண் அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்களே இதில் பேச இயலும். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். பேசியவர் ‘ஓவர்’ என்ற பிறகே அடுத்தவர் வாய் திறக்கலாம். இந்திய ஹாம்கள் பலர் குறித்த நேரத்தில் குறித்த அலைவெண்ணில் நாள்தோறும் கூடுவர். ஒருவர் வருகைப்பதிவு எடுப்பார். பேச்சு பெரும்பாலும் ஆன்டெனா, மழை, இரத்த அழுத்தம், பேத்தியின் தேர்வு. தொடர்ந்து சில நாள் ஒருவரின் குரல் வராவிட்டால் எவரேனும் தொலைபேசியில் விசாரிப்பார். விடைபெறும்போது ‘73’ என்பார்கள். நல்வாழ்த்து என்று பொருள். இறந்தவரைச் ‘சைலண்ட் கீ’ என்பார்கள், மௌனமாகிவிட்ட தந்திவிசை.

புறத்தாருக்கு இது வீண்பேச்சு. மலினோவ்ஸ்கி அவ்வாறு கருதவில்லை. டிரோபிரியண்ட் தீவுகளில் வாழ்ந்து ஆய்ந்த அவர், செய்தி எதையும் தெரிவிக்காமல் உறவை மட்டும் நிலைநிறுத்தும் பேச்சுக்கு 1923இல் தனிப்பெயரே இட்டார். 1960இல் வெளியான தம் கட்டுரையில் யாக்கப்சன் அதனை மேலும் கூர்மையாக்கினார்: தொடர்புத்தடம் திறந்திருக்கிறதா என்று சோதிப்பதும் மொழியின் பணிகளுள் ஒன்று. ‘கேட்கிறதா?’ என்னும் வினா ஹாம்களுக்குக் கோட்பாடன்று, அன்றாடத் தொழில்.

1987க்குப் பிறகு அந்தமானிலிருந்து அமெச்சூர் வானொலி ஒலிக்கவில்லை. நீண்ட முயற்சிக்குப் பின் அனுமதி பெற்று, 2004 டிசம்பரில் ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தம் குழுவினரோடு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தார். உலகெங்குமுள்ள ஹாம்கள் அழைத்தனர். அரிய நிலப்பகுதியோடு பேசியதற்கான அட்டை ஒன்று அவர்களுக்குத் தேவை. உண்மையில் இது நட்புரையாடலின் மிக வறிய வடிவம்: அழைப்புக்குறி, ஒலியளவு, நன்றி, சில நொடிகளில் முடிந்துவிடும்.

டிசம்பர் 26 காலை ஏறக்குறைய ஆறரை மணிக்கு நிலம் அதிர்ந்தது. தொலைபேசித் தொடர்புகள் குலைந்தன. பாரதியின் நிலையம் மீண்டும் ஒலித்தபோது அட்டைவேட்டை நின்றுபோயிருந்தது. தீவிலிருந்தோரின் நலச்செய்திகள் பெருநிலத்து ஹாம்கள் வழியே உறவினரைச் சென்றடைந்தன. அங்கிருந்து வந்த வினாக்களுக்கு இங்கே ஆள் தேடப்பட்டது. குழுவினருள் சிலர் கருவிகளோடு கார் நிக்கோபாருக்கும் சென்றனர்.

பேசியவர்களின் துணிவு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. பேசாதவர்களைப் பற்றி எழுதியோர் குறைவு. பேரிடர்ச் செய்தி செல்லும் அலைவெண்ணில் பிறர் வாய் திறக்கலாகாது என்பது ஹாம்களின் ஒழுங்கு. அந்த அழைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஒருவர், கருவியின் முன் அமர்ந்து, கேட்டுக்கொண்டு, பேசாமலிருக்க வேண்டும். தம்மால் உதவ முடியும் இடம் வந்தால் மட்டும் குறுக்கிட வேண்டும். அத்தகைய மௌனம் ஆணையால் வருவதன்று. நாள்தோறும் முறைவைத்துப் பேசிப் பழகியோர்க்கே அது கைகூடும். இன்றைய வாட்ஸ்அப் குழுக்களில் கப்பல் சீட்டு விசாரிப்பும் சென்னை மருத்துவமனைக்கு இரத்தம் கேட்பதும் நடக்கின்றன. அவை சிறிய உதவிகள் அல்ல. ஆயினும் ஒரு நிலநடுக்கச் செய்தி வந்தவுடன் அதே குழுவில் பழைய காணொளிகள் குவிவதையும் காண்கிறோம். எல்லாரும் ஒரே வேளையில் பேசக்கூடிய ஊடகத்தில் ஒதுங்கி நிற்கும் வழக்கம் உருவாக வாய்ப்பில்லை போலும்.

2006 ஏப்ரலில் பல நாட்டு ஹாம்கள் போர்ட் பிளேரில் கூடினர். குரலால் மட்டுமே அறிந்தவரை நேரில் காணும்போது முகத்தைவிட முதலில் மார்பிலுள்ள அழைப்புக்குறியைப் படிப்பது இவர்களின் வழக்கம்; பெயர் பிறகுதான்.

இச்சமூகத்தை ஆய்வோருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஹாம்களின் பதிவேட்டில் நாள், நேரம், அலைவெண், அழைப்புக்குறி, ஒலியளவு ஆகியவை இருக்கும். ஆன்டெனாவும் இரத்த அழுத்தமும் பேத்தியின் தேர்வும் அதில் எழுதப்படுவதில்லை.