உதைக்காத துப்பாக்கி

திருப்பூர் என்றவுடன் பனியனும் சாயப்பட்டறையும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த ஊரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். 2022-ம் வருஷம் ஜனவரி மாதம் வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்த மாதத்தில் அவிநாசிப் பக்கத்துச் சோளக்காட்டில் ஒரு சிறுத்தை தோன்றிச் சிலரைக் காயப்படுத்தியது. பிறகு திருப்பூர் நகரத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. வனத்துறையார் மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடித்தார்கள். "இவ்வளவு சிரமம் எதற்கு? நல்ல வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருந்தால் ஒரே நொடியில் தீர்ந்திருக்குமே!" என்று திண்ணையில் வீரம் பேசியவர்களில் அடியேனும் ஒருவன். வகுப்பிலும் அதையே சொல்லி வைத்தேன். உபாத்தியாயர் சொன்ன அபிப்பிராயம் நாற்பது பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதை அப்போது நினைக்கவில்லை.

அப்புறம் ஒரு விடுமுறையில் மாணவர் சிலருடன் ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப்புக்குப் பிரயாணமானேன். பல்லடம் வரையில் விசைத்தறிச் சத்தம் கூடவே வந்தது. அதற்கப்பால் காற்றாலைகள், உடுமலையை நெருங்கினால் தென்னந்தோப்புகள். உடுமலைக்குக் கிழக்கே கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலை இருக்கும் திசையைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கோவை தடாகத்தில் பிடித்து ஆனைமலைக் காட்டில் விடப்பட்ட சின்னத்தம்பி என்ற யானை, நடந்தே சமவெளிக்கு இறங்கி, 2019 பிப்ரவரியில் அந்தக் கரும்புப் பிரதேசத்தில்தான் வாசம் செய்தது. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அதற்கும் மயக்க ஊசி போட்டு, கலீம் முதலிய கும்கிகளின் உதவியால் லாரியில் ஏற்றி வரகளியாறு முகாமுக்குக் கொண்டு சென்றார்கள்.

பொள்ளாச்சியைக் கடந்து, சேத்துமடையில் மலையேறி, டாப்ஸ்லிப் சேர்ந்தோம். மலையுச்சியிலிருந்து தேக்கு மரங்களைக் கீழே சறுக்கி விட்ட இடமாதலால் வந்த பெயர் அது. அங்கே கால்நடை வைத்தியர் ஒருவரைச் சந்திக்கும் பாக்கியம் கிடைத்தது. என் திண்ணை வீரத்தை ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மயக்க ஊசித் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். விசையை மட்டும் ஒருவரையும் தொட விடவில்லை.

"வேட்டைக்காரர்களே உதைக்காத துப்பாக்கியைத் தேடினவர்கள்தான்" என்று ஆரம்பித்தார் வைத்தியர். "குண்டு முன்னே பாயும் வேகத்துக்கு ஏற்பத் துப்பாக்கி பின்னே தோளை இடிக்கும். குண்டு கனமானால் உதை அதிகம். துப்பாக்கி கனமானால் உதை குறைவு. கட்டை நம் கைநீளத்துக்குப் பொருந்த வேண்டும். உதைக்கு அஞ்சுகிறவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிடுவான், குறி தவறும். கென்னத் ஆண்டர்சனுடைய .405 வின்செஸ்டரின் குண்டு சுமார் 19 கிராம். ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பிக்கோ 9 கிராம்தான். 1926-ல் ருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியது அந்தச் சிறிய துப்பாக்கிதான்."

நிற்க. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பொழுதுபோக்கு வேட்டைக்கு இப்போது இந்நாட்டில் இடமில்லை. வைத்தியர் கையிலிருந்த துப்பாக்கியோ, நியூஸீலாந்து மருந்துக்கடைக்காரர் காலின் மர்டாக் கண்டுபிடித்த வகையைச் சேர்ந்தது. வெடிமருந்துக்குப் பதிலாக அழுத்திய வாயு ஊசியைத் தள்ளுகிறது. ஊசி மெதுவாகப் போவதால் தோளில் உதை ஏறக்குறைய இல்லை. ஆனால் அதைச் சரிப்படுத்துவதுதான் கஷ்டம். தூரத்தை அளந்து, அதற்குத் தக்கபடி வாயுவின் அழுத்தத்தைத் திருப்பி வைக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஊசி வழியிலேயே விழும். மிகுந்தால் தசையைக் கிழித்து எலும்பையும் முறிக்கும். ஆகையால் மருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பி, அதே எடையுள்ள ஊசியால் பலகையில் பல முறை பழகுவார்களாம்.

"நிட்டிங் மெஷினுக்கு நூல் டென்ஷன் வைக்கிற மாதிரிங்க, சார்! இறுக்கினா நூல் அறுந்துரும், தளர விட்டா துணி தொளதொளன்னு போயிருமுங்க" என்றான் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவரின் மகன். வைத்தியர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"ஊசி பட்டவுடன் மிருகம் விழாது" என்று அவர் தொடர்ந்தார். "பத்து நிமிஷமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் ஜனங்கள் கூச்சலிட்டு விரட்டினால், மிரண்ட மிருகத்துக்கு மருந்து சரியாக ஏறாது. எங்கே ஓடுமோ, யார் மேல் பாயுமோ! துப்பாக்கியை நான் சரிப்படுத்திவிடலாம். கூட்டத்தை யார் சரிப்படுத்துவது?"

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது. என் தெருக்காரர்கள் சிறுத்தையைப் பார்க்கக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினதும், நான் தடுக்காமல் நின்றதும் கண்முன் வந்தன.

விடுமுறை முடிந்த முதல் நாள், பாடம் தொடங்குமுன், சிறுத்தையைப் பற்றி அன்று நான் சொன்னது தவறு என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் சற்று ஆச்சரியப்பட்டார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "மறுபடி சிறுத்தை வந்தா நாங்க என்னங்க சார் செய்யோணும்?" என்று கேட்டாள்.

"கதவைச் சாத்திக்கொண்டு, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, சத்தம் போடாமல் இருக்க வேண்டும், அம்மா" என்றேன். அதைக் கரும்பலகையிலும் எழுதினேன். இந்த அபிப்பிராயமும் நாற்பது வீடுகளுக்குப் போய்ச் சேரட்டும்.