முஸல்லாத் தீவு

கிழக்காபிரிக்கக் கடலிலே, ஸன்ஸிபாரைச் சேர்ந்த பெம்பாவுக்கு மேற்கே மிஸாலி என்றொரு சிறு தீவு உண்டு. ஹிழ்ர் (அலை) அவர்கள் அங்கு முஸல்லா கேட்டதாகவும், கிடைக்காததால் கிப்லாவை நோக்கிக் கிடக்கும் அத்தீவையே முஸல்லாவாகக் கொண்டதாகவும் அவ்வூரார் வழிவழியாகச் சொல்வர். பெயர் வந்த கதையும் அதுவே.

அந்தக் கடலிலேயே வெடி வைத்து மீன் பிடித்தார்கள். ஒரு வெடியில் மீனோடு குஞ்சும் மாளும், முருகைக்கல்லும் நொறுங்கும். 1998இல் தீவு பாதுகாப்புப் பிரதேசமானது. சட்டம் மட்டும் போதவில்லை. 1999இல் இஸ்லாமிய சூழலியல் தர்ம ஸ்தாபனம் ஒன்று அங்கு சென்று, பூமி அல்லாஹ்வின் அமானிதம் என்பதைக் குர்ஆனைக் கொண்டே விளக்கியது. பின்னர் ஆசிரியர்களுக்குக் கைந்நூலும் தந்தது. அதை நிறுவியவர் நம் நாட்டில் பிறந்த பஸ்லுன் காலித் அவர்கள்.

இதை அறிந்தபோது வெட்கப்பட்டேன். வுழூவின் பர்ளுகளைப் பல்லாண்டு கற்பித்த நான், குழாயை மூடக் கற்பிக்கவில்லையே!

ஸகாத்துக்கு உரியவர்கள் எட்டுக் கூட்டத்தார்; அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் ஸதகாவின் வாசல் விசாலமானது. பறவை தின்னும் கனிக்கும், மரம் நட்டவருக்கு நன்மையுண்டு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அப்படியானால் நடக் கற்பித்தவருக்கு? பிடியரிசி எடுத்து வைப்பதுபோல், மத்ரஸாப் பிள்ளைகளின் ஒரு கன்றுக்கும் ஒரு பாடத்துக்கும் சிறிது எடுத்து வையுங்கள். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.