அரிசி மணியில் கால் பங்கு



தலைப்பைக் கண்டு சமையல் குறிப்பு என்று எண்ணி வந்தவர்கள் பொறுத்தருள்க. இது கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பற்றிய கட்டுரை. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று புருவம் உயர்த்துவோர் உண்டு. ஆறாம் ஆண்டுக்கு அறிவியலும் நடத்துகிறவன் என்ற வகையில் எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் அக்காளும் அத்தானும் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். அத்தான் தொழிலால் பொறியியலாளர். பொழுதுபோக்கால் குறி சுடுபவர். அந்த மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரி என்னும் இடத்தில் 1907 முதல் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்து வருகின்றன. அங்கே குறி சுடுதல் தாத்தா பேரனுக்குக் கற்றுக்கொடுக்கும் விளையாட்டு. அத்தான் தமக்கு வேண்டிய தோட்டாக்களைக் கடையில் வாங்குவதில்லை. வீட்டு நிலவறையில் தாமே செய்துகொள்கிறார். சொந்தப் பயனுக்குச் செய்வதற்கு அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பனைத் தொழிலாகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் சென்றிருந்தபோது சில மாலைப் பொழுதுகளை அந்த நிலவறையில் கழித்தேன்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி கிளப்பும் பிரைமர், உள்ளே புகையற்ற வெடித்தூள், வாயில் ஈயக் குண்டு. சுட்ட பிறகு எஞ்சுவது பித்தளைக் கூடு மட்டுமே. அதை எறிய மனம் வராதவர்கள் தொடங்கிய தொழில் இது. இத்துறையில் பெரும்பெயர் பெற்ற ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தை 1943இல் பிரெட் ஹண்டிங்டன் என்பவர் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில், தம் தந்தையாரின் சலவைக் கடைப் பின்னறையில்தான் தொடங்கினார். சிக்கனம் தொடங்கி வைத்தது, துல்லியம் பிடித்துக்கொண்டது.

அத்தான் செய்வது .38 ஸ்பெஷல் என்னும் வகை. பெயர்தான் .38, குண்டின் குறுக்களவோ 0.36 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. பெயருக்கும் பொருளுக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் துறையில் கணக்கில் மட்டும் விட்டுக்கொடுப்பே இல்லை என்பது வேடிக்கை. இவர் பயன்படுத்தும் குண்டு தட்டையான முகம் கொண்டது. காகிதத்தில் பட்டால் அலுவலகத்தில் நாம் தாளுக்குத் துளையிடும் கருவியைப் போல வட்டமாக வெட்டி எடுக்கும். புள்ளி எண்ணுவது எளிது.

எடை அலகு 'கிரெய்ன்'. தானிய மணி என்று பொருள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம். நம் முன்னோர் நெல்லெடை, குன்றிமணி என்று பொன்னை நிறுத்ததும் இதே அறிவுதான். அத்தானின் தராசு பத்தில் ஒரு கிரெய்னைக் காட்டுகிறது. அதாவது ஓர் அரிசி மணியின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு! அந்த அளவை நிறுக்கும்போது அவர் மின்விசிறியை நிறுத்திவிடுகிறார். மேசைமேல் மூச்சு விடவும் தயங்குகிறார். தொடங்குமுன் எடை தெரிந்த உலோகக் கட்டியை வைத்துத் தராசையே சோதிக்கிறார். நம் பள்ளி அறிவியற்கூடத்துத் தராசை எப்போது சோதித்தோம் என்று எண்ணிப் பார்த்தேன்.

இவ்வளவு கவலை ஏன்? இந்த வகைத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. மகிழுந்துச் சக்கரத்தில் நாம் நிரப்பும் காற்று அதே அலகில் முப்பது சொச்சம். ஐந்நூறு மடங்கு அழுத்தம், முகத்துக்கு முன்னால், கையில் பிடித்த இரும்புக்குள் எழுகிறது. புகையற்ற தூள் திறந்த வெளியில் சும்மா எரியும். அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். ஆகவே, தூள் சிறிது கூடினால் அழுத்தமும் அதே விகிதத்தில் சிறிதுதான் கூடும் என்று எண்ணுவது தவறு. குண்டைக் கூட்டுக்குள் சற்று ஆழமாக அழுத்திவிட்டாலும் உள்ளிடம் குறைந்து அழுத்தம் எகிறும். எனவே ஒவ்வொரு தோட்டாவின் மொத்த நீளத்தையும் அளவுகோலில் பார்க்கிறார்.

இன்னொரு சிக்கல் வரலாறு விட்டுச்சென்றது. இத்தோட்டா பழைய கருமருந்துக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. கருமருந்துக்கு நிறைய இடம் வேண்டும். கூடு பெரிதாக அமைந்தது. இன்றைய தூளோ கூட்டின் அடியில் சிறிதளவே கிடக்கிறது. மறதியில் ஒரே கூட்டில் இருமுறை தூள் விழுந்தாலும் வழியாது. குண்டை அமர்த்திவிட்டால் வெளியே தெரியவும் தெரியாது. சுடும்போது துப்பாக்கி பிளக்கும். விரல்கள் போகும். இதைத் தவிர்க்க அத்தான் 50 துளைகள் கொண்ட பலகையில் கூடுகளை நிறுத்தி, தூள் இட்டபின் விளக்கைச் சாய்த்து ஒவ்வொன்றின் உள்ளும் பார்க்கிறார். ஐம்பதிலும் தூளின் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். மேசைமேல் ஒரே ஒரு தூள் புட்டிதான் இருக்கலாம். பேச்சு கிடையாது, தொலைபேசி கிடையாது. அக்காள் தேநீருக்கு அழைத்தால்கூட மறுமொழி வராது. பாதியில் எழ நேர்ந்தால் எண்ணிக்கையை நினைவில் வைத்துத் தொடர்வதில்லை. அந்தப் பலகை முழுவதையும் கொட்டி முதலிலிருந்து தொடங்குகிறார்.

அப்படியானால் குறைத்துப் போடுவது பாதுகாப்புத்தானே என்று கேட்டேன்.

"இல்லை மச்சான், அதுவும் ஆபத்துத்தான்" என்றார். தூள் குறைந்தாலோ விழாமலே போனாலோ குண்டு குழலின் நடுவில் சிக்கி நிற்கும். ஓசை மட்டும் மெலிதாக 'பொத்' என்று கேட்கும். அதைப் பொருட்படுத்தாமல் அடுத்ததைச் சுட்டால் இரண்டாம் குண்டு முதலாவதில் மோதிக் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். ஓசை மாறினால் நிறுத்து, குழலைப் பார் என்பது அவர்களின் முதல் விதி.

இனி, நான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய பகுதிக்கு வருகிறேன்.

புதிய தூள் வாங்கினால் அச்சிட்ட கையேட்டைத் திறக்கிறார். அதில் ஒவ்வொரு குண்டுக்கும் தொடக்க அளவும் உச்ச அளவும் உண்டு. (அந்த எண்களை வேண்டுமென்றே இங்கு எழுதவில்லை. அவற்றைக் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். வலைப்பக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது.) தொடக்க அளவில் பத்துத் தோட்டா. பத்தில் இரண்டு கிரெய்ன் கூட்டி அடுத்த பத்து. இப்படி ஐந்து தொகுதி. குண்டு அதே, பிரைமர் அதே, கூடு அதே, நீளம் அதே. தூளின் எடை மட்டும் மாறுகிறது. ஒவ்வொரு பெட்டிமேலும் நாள், பொருள், எடை எழுதிய சீட்டு. பிறகு 25 கெஜத் தூரத்தில், மணல் மூட்டைமேல் கையைத் தாங்கி, தொகுதிக்கு ஒரு தாளாகச் சுட்டு, துளைகளின் பரப்பை அளக்கிறார்.

தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி! யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்படும்வரை எத்தனை மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்போம்? கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கான சொற்களாகவே அவை பிள்ளைகளிடம் நின்றன. இங்கு ஒரு மனிதர் தம் பத்து விரல்களையும் பணயம் வைத்து அதைச் செய்கிறார். பிரைமர் வகையை மாற்றினால்கூட, எண் தெரியும் என்று நேரே போகாமல், தொடக்க அளவுக்கே திரும்புகிறார்.

விளைவு எனக்கு வியப்பளித்தது. ஐந்தில் மூன்றாம் தொகுதிதான் நெருங்கி விழுந்தது. பத்துத் துளைகளும் ஏறத்தாழ 4 சென்டிமீட்டருக்குள். ஐந்தாவது 7 சென்டிமீட்டருக்குச் சிதறியது. "சரி, விடை கிடைத்துவிட்டது" என்றேன். அத்தான் தலையசைக்கவில்லை. பத்துத் துளை தற்செயலாகவும் நெருங்கும் என்று சொல்லி, மறுவாரம் இரண்டு, மூன்று, நான்காம் தொகுதிகளை மீண்டும் செய்து சுட்டார். மூன்றாவதே மீண்டும் நெருங்கியது. அதன் பின்னரே குறிப்பேட்டில் மையால் எழுதினார். அதுவரை பென்சில்தான்.

கண்ணால் பார்த்து அழுத்தத்தை அறிய முடியாதா என்றும் கேட்டேன். பிரைமர் தட்டையாவதைச் சிலர் அடையாளமாகக் கொள்வார்களாம். குறைந்த அழுத்தத் தோட்டாவில் அது தெரியும்போது எல்லை எப்போதோ கடந்திருக்கும் என்றார். கருவியில் அளந்து அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமலிருப்பதே வழி.

பெற்றோர் கவனிக்க இரண்டு செய்திகள். ஈயமும் பிரைமர்க் கரியும் நஞ்சு. சிறு பிள்ளைகளுக்கு மிகவும் கெடுதல். அத்தான் நிலவறையில் எதையும் உண்பதில்லை. கை கழுவி, மேற்சட்டையை மாற்றிய பிறகே பேரப்பிள்ளையைத் தூக்குகிறார். அறைக்குப் பூட்டும் உண்டு.

அடுத்தது, அங்கே பொழுதுபோக்காக இருப்பது இங்கே சிறைக்கு இட்டுச் செல்லும். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஏழாண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நினைவுப் பொருளாக ஒரு வெற்றுக் கூட்டை என் கையில் வைத்தார் அக்காள் மகன். அழகாகத்தான் இருந்தது, அங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். அமெரிக்கா சென்று திரும்பும் பிள்ளைகள் இருந்தால், விமான நிலையம் புறப்படுமுன் அவர்களுடைய பைகளின் சிறு அறைகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.