வெள்ளைக்காட்டின் பந்து விலங்கு

பிரேசில் நாட்டின் வடகிழக்கே பரந்து கிடக்கிறது 'காட்டிங்கா' என்னும் வறண்ட முள்காடு. அங்குள்ள பழங்குடிகளின் துப்பி மொழியில் இதற்கு 'வெள்ளைக்காடு' என்று பொருள். கோடையில் மரங்கள் இலை உதிர்த்துவிட, வெளிறிய பட்டையும் கள்ளியும்தான் கண்ணில் படும். நல்ல மழை பெய்தால் சில நாட்களிலேயே காடு பச்சைப் பசேலென மாறிவிடும்.

நம் மானாவாரி விவசாயிக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரியாது. பெரும்பகுதியில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டருக்குள்தான். மக்காச்சோளம், பயறு விதைத்து, ஆடு வளர்க்கிறார்கள். வறட்சியில் சப்பாத்திக்கள்ளியை நறுக்கித் தீவனமாகப் போடுகிறார்கள். கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்க, பல வீடுகளின் ஓரத்தில் 16,000 லிட்டர் தொட்டி நிற்கிறது.

இந்தக் காட்டில்தான் 'தத்து போலா' வாழ்கிறது. 'பந்து அர்மடில்லோ' என்று பொருள். எடை ஒன்றரை கிலோ அளவுதான். எறும்பும் கரையானும் முக்கிய உணவு. முதுகு ஓட்டின் நடுவே மடங்கும் பட்டைகள் உண்டு, பெரும்பாலும் மூன்று. ஆபத்து வந்தால் கால்களை உள்ளிழுத்து உருண்டுகொள்ளும். தலை ஓடும் வால் ஓடும் பக்கத்தில் பக்கம் பொருந்தி, மூடி போட்டதுபோல் இடைவெளியை அடைத்துவிடும். அர்மடில்லோக்களில் இப்படி முழுப் பந்தாக உருள்பவை இரண்டே இனங்கள். மற்றொன்று பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா பக்கம் இருக்கிறது.

நாயின் பல்லுக்குத் தப்பவைக்கும் இந்த வித்தையே மனிதனிடம் மாட்டிவிடுகிறது. ஓடி ஒளியாமல் உருண்டு கிடப்பதை, தேங்காய் பொறுக்குவதுபோல் எடுத்துப் போய்விடலாம். இறைச்சிக்காக வேட்டையாடினார்கள்; விறகுக்கும் விவசாயத்துக்கும் காடு அழிந்தது. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் என்பதால், இழப்பு எளிதில் ஈடாவதில்லை. இனமே அழிந்துவிட்டது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1980-களின் இறுதியில்தான் மறுபடி கண்டறிந்தார்கள். 2014 உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு இதுவே சின்னமானது. உலகமே பார்த்தாலும், காட்டில் அதன் ஆபத்து நீங்கவில்லை.

நம் நாட்டு அழுங்குக்கும் இதே கதைதான். இரண்டும் உறவில்லை; ஆனால் எறும்பு, கரையான் தின்பதும், பயந்தால் சுருள்வதும், சுருண்ட இடத்திலேயே பிடிபடுவதும் ஒன்றே. அழுங்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதும், செதிலை விற்பதும் குற்றம். காட்டோர வயலில் சுருண்டு கிடக்கக் கண்டால் நாயை விலக்கிவிட்டு நகர்ந்து நில்லுங்கள். ஆபத்து நீங்கியதும் அதுவே போய்விடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.